கார்போகரிசியும் கற்றாழையும்: எளிதில் எரியும் முகத்துக்கு எதைத் தடவலாம்?

வாசகர் கேள்வி – பதில்

'பருவும் வருகிறது, எதைத் தடவினாலும் எரிகிறது. இயற்கைப் பொருட்களில் எதை நம்பி வாங்குவது?' இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இந்த முறை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் தாத்தா நடத்திய நாட்டு மருந்துக் கடையில் வளர்ந்தவள் நான். பி.ஃபார்ம். படித்துவிட்டு, கிரீமும் லோஷனும் தயாரிக்கிற இடங்களில் தரப் பரிசோதனைப் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தேன். எனக்கும் பதின்மூன்று வயதில் ஆரம்பித்த பரு முப்பதைத் தாண்டியும் போகவில்லை. அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டிய இடம் வந்தால் அங்கே அதைத்தான் சொல்வேன்.

*

*எனக்கு 20 வயது. கன்னத்திலும் தாடையிலும் பரு. கெமிக்கலே வேண்டாம் என்று முடிவு செய்து, ஆறு மாதமாக இயற்கைப் பொருட்கள் மட்டும்தான் அக்கா. ஆட்டுப்பால் சோப், வேப்பிலை மஞ்சள் பேக், பரு மேல் டீ ட்ரீ எண்ணெய், இரவில் ஒரு ஹெர்பல் கிரீம். லேபிளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பரு குறையவில்லை. முகம் சிவந்து எரிகிறது, கழுவினால் இழுத்துப் பிடிக்கிறது. எந்த பிராண்ட் வாங்கலாம்?*
*– கல்லூரி மாணவி, திருச்சி*

அக்கா என்று எழுதியிருப்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். முதலில் உன் கிரீம் லேபிளைப் பார்த்துவிடுவோம். போட்டோவைப் பெரிதாக்கி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முன்பக்கம் 'நூறு சதவீதம் இயற்கை'. பின்பக்கம் 23 பொருட்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், கோகோ வெண்ணெய், தேன்மெழுகு. அதற்கப்புறம் வேம்பு, துளசி, மஞ்சள், அதிமதுரம் என்று சாறுகள். பிறகு எலுமிச்சைத் தோல் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய். கடைசி வரியில் லிமோனீன், லினலூல், ஜெரானியால்.

நம் நாட்டு விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அதிகமானதில் தொடங்கிக் குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருப்பவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். ஆக, தண்ணீரை விட்டால் நீ தினம் இரவில் தடவியது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் கோகோ வெண்ணெயும்தான். பரு வரும் தோலில் துளைகளை அடைக்கக்கூடியவை இரண்டும். உன்னை வாங்க வைத்த வேம்பும் துளசியும் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன. கடைசி வரியில் உள்ள மூன்றும் வாசனை எண்ணெய்களுக்குள் தாமாகவே இருப்பவை. மூடியைத் திறந்து திறந்து காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். ரோஜாப்பூவில் இருக்கும் ஜெரானியாலும் தொழிற்சாலையில் கலக்கும் ஜெரானியாலும் ஒரே பொருள்தான். பூவிலிருந்து வந்தது என்பதற்காக உன் கன்னம் அதை விட்டுவைக்காது.

அடுத்தது சோப்பு. கையால் செய்ததோ கடையில் வாங்கியதோ, எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த எந்தச் சோப்புக்கும் பி.எச். அளவு, அதாவது காரத்தன்மை, 9, 10 என்று இருக்கும். ஆட்டுப்பால் ஊற்றினாலும் அது மாறாது. தோலின் மேற்பரப்புக்கோ 5 அல்லது அதை ஒட்டித்தான். கழுவியதும் முகம் இழுக்கிறது என்கிறாயே, காரணம் இதுதான்.

டீ ட்ரீ எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். அது பருவுக்குக் கேட்கும். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். பென்சாயில் பெராக்ஸைடு என்ற பரு மருந்து போல வேகமாக இல்லாவிட்டாலும் பருக்கள் குறைந்தன, எரிச்சலும் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தடவியது 5 சதவீத ஜெல். நீ பாட்டிலிலிருந்து அப்படியே தொட்டு வைத்திருக்கிறாய், அது இருபது மடங்கு. அதுவும் ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் ஒரு வருடமாக இருக்கும் பாட்டில் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தூக்கிப் போட்டுவிடு.

சரி, இனி என்ன செய்வது? நான்கு வாரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்து. பேக், எண்ணெய், ஹெர்பல் கிரீம், எல்லாம். முகம் கழுவ சோப்பில்லாத, நுரை குறைந்த, வாசனை இல்லாத கிளென்சர் ஒன்று. காலையில் வெறும் தண்ணீர் போதும், இரவில் மட்டும் அது. கழுவியதும் முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். லேபிளின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா என்று பார். ஸ்குவாலேன் இருந்தாலும் நல்லது; ஆலிவிலிருந்தோ கரும்புச் சர்க்கரையிலிருந்தோ எடுக்கிறார்கள், பரு வரும் தோலைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்ற உன் ஆசைக்கும் பொருந்தும். பகலில் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன். நம் நிறத்துக்கு, பரு போன பின்னும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும். நீ 'கரும்புள்ளி போகவில்லை' என்று எழுதியிருப்பதில் பாதி இந்தத் தடம்தான் என்று நினைக்கிறேன்.

எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு, பருவுக்கு என்று ஒரே ஒரு மருந்து. அசெலாயிக் அமிலம் உனக்குப் பொருந்தலாம். பேரைக் கேட்டு மிரளாதே, கோதுமையிலும் பார்லியிலும் இருப்பதுதான். பரு, பரு விட்டுச் சென்ற தடம் இரண்டுக்கும் கேட்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் கிரீம்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும், குறைந்ததில் ஆரம்பி. முதல் வாரம் கொஞ்சம் ஊறல் இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் பலன் தெரிய. ஆறு மாதத்தில் நீ நாலு பொருள் மாற்றியிருக்கிறாய். எதற்குமே அவகாசம் கிடைத்திருக்காது.

எதை வாங்கினாலும் முகத்துக்கு முன்னால் முழங்கையின் உள்பக்கம். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் காலை, இரவு இரண்டு வேளை, ஏழு நாள். ஒரே நாள் தடவிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்டாதே. ஒவ்வாமை சில சமயம் நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் தலைகாட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் காதுக்குக் கீழே, தாடையோரம் மூன்று நாள். அப்புறம் முகம்.

'பாராபென் இல்லாதது' என்று தேடி வாங்குகிறாய் என்றும் எழுதியிருந்தாய். பாராபென் என்பது கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தி. அது தோலுக்கு ஒவ்வாமை தருவது மிகவும் அரிது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2019-ல் அதை 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. அதே சங்கம் 2013-ல் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று சுட்டியது மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு பதப்படுத்தியை. பாராபென்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்ட பொருட்கள் உண்டு. நீ தவிர்க்க வேண்டிய பேர் அதுதான். தண்ணீர் கலந்த கிரீமில் பதப்படுத்தியே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும் டப்பாவிலிருந்து கடுகளவு எடுத்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் அகார் தட்டில் தடவி வைத்தால், மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். உடைந்த பரு மேல் அதைத் தடவுவதை நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிராண்ட் பெயர் எழுதவில்லை என்று வருத்தப்படாதே. ஒரே பெயர், ஒரே டப்பா, உள்ளே சேர்மானத்தை மாற்றிவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடங்களிலேயே நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தைப் படி.

*

*என் மகளுக்கு 15 வயது, முகத்தில் பரு ஆரம்பித்திருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது நலங்கு மாவு தேய்த்துத்தான் குளிப்பாட்டினேன். இப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி, காய்ந்த எலுமிச்சைத் தோல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அரைத்துத் தரலாமா?*
*– இல்லத்தரசி, காரைக்குடி*

அம்மா, அந்தச் சீட்டில் கார்போகரிசியையும் எலுமிச்சைத் தோலையும் இப்போதே பேனாவால் அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

எனக்கு 23 வயதில் அண்ணனுக்குக் கல்யாணம். முகமெல்லாம் பருத் தழும்பு. கல்யாண வீட்டில் போட்டோவில் எப்படித் தெரிவேனோ என்று ஒரே கவலை. தாத்தா கடையிலேயே நலங்கு மாவுக்கு எடுத்து வைத்தார்கள். 'தோல் நோய்க்கு நல்லது' என்று காதில் விழுந்திருந்ததால், யாரிடமும் கேட்காமல் கார்போகரிசியை இன்னொரு கைப்பிடி சேர்த்து அரைத்துக்கொண்டேன். சின்ன விதை அது. கறுப்பாக, அவரைக்கொட்டை வடிவில் இருக்கும், கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும், ஒரு மாதிரி நெடி அடிக்கும். தயிரில் குழைத்துப் போட்டு அரைமணி நேரம் கழித்துக் கழுவினேன். அப்புறம் மொட்டை மாடியில் பந்தல்காரர்களோடு மத்தியானம் வரை நின்றேன்.

அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் இரவு முகம் திகுதிகுவென்றது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் சுடுதண்ணீர் பட்ட மாதிரி சிவந்து, நீர்க் கொப்புளம். தாத்தா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கார்போகரிசி போட்டியா?" அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வெண்புள்ளிக்கு வைத்தியமே அதைத் தடவிட்டு வெயில்ல நிக்கிறதுதானம்மா." கல்யாணம் ஆவணியில். கன்னத்துக் கறுப்பு மறுவருடம் சித்திரைத் திருவிழா வரைக்கும் இருந்தது.

அந்த விதையில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இறங்கிய பின் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். சிவப்பு உடனே தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். தோலில் வெள்ளைத் திட்டு விழும் வெண்புள்ளி நோய்க்கு நம் வைத்தியர்கள் காலங்காலமாக இதைத்தான் பயன்படுத்தினார்கள். 1974 முதல் சொரியாசிஸுக்கும் சொராலென்னும் புற ஊதாக் கதிரும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை ஆஸ்பத்திரிகளில் வந்தது, அதுவும் அளந்து, கண்காணித்து. பரு உள்ள பிள்ளை முகத்தில் தடவிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பதற்கு அல்ல. எலுமிச்சை இனத் தோலிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் உண்டு.

இதே கார்போகரிசியிலிருந்துதான் பகுச்சியால் என்று இப்போது விளம்பரங்களில் வரும் சீரமும் எடுக்கிறார்கள். 2019-ல் வெளியான ஒரு ஆய்வில் 44 பேர் பன்னிரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தார்கள். சுருக்கத்துக்கும் கறுப்புக்கும், வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலுக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்தது, உரிதலும் எரிச்சலும் குறைவு. ஆனால் அது சொராலென்னை நீக்கிச் சுத்தம் செய்த, 0.5 சதவீதக் கிரீம். விதையை வீட்டில் அரைத்துத் தடவினால் சொராலென்னும் கூடவே வந்துவிடும். விதை நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், நல்ல விதைதான் என்பேன். வைத்தியர் கையில் இருக்க வேண்டிய விதை.

மற்ற சரக்குகளில் பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் வாசனைக்கு. உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கத் தாராளமாகச் சேருங்கள். பரு உள்ள முகத்துக்கு மட்டும் வேண்டாம். வாசனை கூடக் கூட எரிச்சலுக்கும் வாய்ப்பு கூடும். முகத்துக்குப் பச்சைப்பயறு ஒன்று போதும். ஆனால் மில்லில் அரைத்து வந்ததை அப்படியே போடாதீர்கள், கொரகொரப்பு பருவைக் கீறும். தாத்தா கடையில் 'வஸ்திரகாயம்' செய்யாமல் எந்தப் பொடியும் வெளியே போகாது. நன்றாகத் துவைத்துக் காய்ந்த மெல்லிய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி, பொடியைக் கொட்டி, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். துணிக்குக் கீழே இறங்குவது விபூதி மாதிரி இருக்கும். அதை மட்டும் எடுத்துத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள். மற்ற நாட்களுக்குத் திருச்சி மாணவிக்குச் சொன்ன கிளென்சர்தான்.

இன்னொன்று. பதினைந்து வயதில் பருவோடு மாதவிலக்கும் சரியாக வராமல், தாடையில் முடியும் கூடுதலாக வளர்ந்தால் மாவை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

*

*கஸ்தூரி மஞ்சள் என்று வாங்குவது எல்லாம் அசல்தானா? எனக்கு முகத்தில் மஞ்சள் ஒட்டிக்கொள்கிறது.*
*– ஆசிரியை, தென்காசி*

ஒட்டிக்கொள்கிறது என்றாலே சந்தேகப்படலாம். கஸ்தூரி மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாசனை வரும், சமையல் மஞ்சள் போலக் கறை பிடிக்காது. பொடியாக வாங்கினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, கிழங்காக வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் பொடியைக் கஸ்தூரி மஞ்சள் என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அசலே ஆனாலும் உடைந்த பரு மேல் வைக்காதீர்கள்.

*

*வயது 29. நெற்றியில், முடி ஆரம்பிக்கும் இடத்தில், தோளில் எல்லாம் கடுகு கடுகாக ஒரே அளவில் பருக்கள். அரிக்கிறது. டாக்டர் ஒரு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தார், அப்புறம் அதிகமாகிவிட்டது. கெமிக்கலை விட்டுவிட்டுச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுகிறேன். இன்னும் மோசம். 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டதை வாங்கலாமா மேடம்?*
*– தனியார் நிறுவன ஊழியர், கோவை*

சார், நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒரே அளவு, அரிப்பு, ஆன்டிபயாடிக்குப் பின் அதிகமானது. சாதாரணப் பரு சிறிதும் பெரிதுமாக, பிளாக்ஹெட்டும் ஒயிட்ஹெட்டும் கலந்து வரும், இப்படி அரிக்காது. இது மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்கால்களில் பெருகுவதால் வருவதாக இருக்கலாம். அந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் உண்டு. அதற்குச் சாப்பாடே எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள்தான். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பக்கத்திலிருந்த பாக்டீரியாவைக் குறைத்தால் அதற்கு இடமும் கிடைத்துவிடும். நீங்கள் சுத்தமான எண்ணெய் என்று நம்பித் தடவியது அதற்குத் தீனியாகப் போயிருக்கிறது. எண்ணெயில் ஒரு குறையும் இல்லை, தடவிய இடம்தான் தப்பு.

முகத்திலும் தோளிலும் எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். தோல் டாக்டரிடம் போய், 'இது பூஞ்சையாக இருக்குமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படித்தான் என்றால் பூஞ்சைக்கான மருந்தில் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விடச் சொல்ல மாட்டேன், எனக்கே அது முடியாத காரியம். ஆனால் தலை முடியில் தடவும் எண்ணெய்ப் பசையால் நெற்றியில் வரும் பருவை 1970-லேயே அமெரிக்க டாக்டர்கள் கவனித்து, 'பொமேட் ஆக்னே' என்று பெயர் வைத்தார்கள். தலைக்குக் குளிக்கும் நாளில், இரண்டு மணி நேரம் முன்னால் நடுத்தலையில் மட்டும் வைத்து, நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டு, சுத்தமாக அலசிவிடுங்கள். தலையணை உறையை நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

'நான்-காமெடோஜெனிக்' என்றால் துளையை அடைக்காது என்று அர்த்தம். ஆரம்பத்தில் இதை முயலின் காதில் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். முயல் காது மனிதர் முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இப்போதும் அந்தச் சொல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை கிடையாது. அது இருந்தால் நல்லது, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

*

*தொட்டியில் இருக்கும் கற்றாழையை வெட்டி அப்படியே தடவினால் அரிக்கிறது. கற்றாழையே அரிக்குமா?*
*– வாசகி, யாழ்ப்பாணம்*

ஜெல் பெரும்பாலும் அரிப்பதில்லை, மடலில் இருக்கும் மஞ்சள் நிறப் பால்தான் அரிக்கும். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒன்று கசியும். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் அரைமணி நேரம் நிற்க வையுங்கள். எல்லாம் வடிந்துவிடும். பிறகு தோலைத் தடிமனாகச் சீவி, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை நாலைந்து தண்ணீரில் அலசி எடுங்கள். அப்போதைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம். கழுவியும் அரித்தால் உங்களுக்குக் கற்றாழையே ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுங்கள்.

*

*ஐந்து மாதக் கர்ப்பம். திடீரென்று பரு. இயற்கை என்றால் குழந்தைக்குப் பாதிப்பு இருக்காது அல்லவா?*
*– வாசகி, ஈரோடு*

அப்படிச் சொல்ல முடியாதம்மா. வாசனை எண்ணெய்கள், மூலிகைச் சாறுகள் பலவற்றைக் கர்ப்பிணிகளிடம் யாரும் சரியாகச் சோதித்ததில்லை. இருபது மூலிகை சேர்ந்த கிரீமைவிட, ஒரே பொருள் உள்ள, பல வருடமாக டாக்டர்கள் கர்ப்பிணிகளுக்கே எழுதித் தருகிற அசெலாயிக் அமிலம்தான் எனக்கு நிம்மதி. அதையும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தடவுங்கள். ரெட்டினால், அடாபலீன், டிரெட்டினாயின் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். குழந்தை பிறந்த பின் பார்த்துக்கொள்ளலாம்.

*

*தை மாதம் எனக்குத் திருமணம். அழகு நிலையத்தில் 'சுத்தமான மூலிகை நைட் கிரீம்' என்று ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். லேபிள் இல்லை. பத்தே நாளில் பரு அமுங்கி முகம் பளபளவென்று ஆகிவிட்டது. மூன்று மாதம் போட்டேன். ஊருக்குப் போனபோது மறந்துவிட்டேன். நாலாம் நாள் முகம் தக்காளி மாதிரி சிவந்து, எரிந்து, சின்னச் சின்னப் பருவாக வெடித்துவிட்டது. திரும்பப் போட்டால் அடங்குகிறது. என் தோலுக்கு இந்தக் கிரீம்தான் சரி என்று அர்த்தமா?*
*– மணப்பெண், திண்டுக்கல்*

இல்லை கண்ணு. இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பத்து நாளில் பருவை அமுக்கி நிறத்தையும் மாற்றுகிற மூலிகை எதுவும் எங்கள் கடை அலமாரியில் இருந்ததில்லை. போட்டால் அடங்கி, விட்டால் பொங்குவது ஸ்டீராய்டு கிரீமின் அடையாளம். இப்படித் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும், முகத்தில் முடி வளரும். இந்தப் பாதிப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் குரல் கொடுத்தார்கள். 2018-ல் 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. அதையே லேபிள் இல்லாத டப்பாவில் அடைத்து மூலிகை என்று கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பாதரசமும் இருக்கக்கூடும். அது நிறத்தை வெளுக்க வைக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-ல் மலப்புரத்தில் சிறுநீரகக் கோளாறோடு அடுத்தடுத்து ஆட்கள் வந்தபோது, விசாரித்துப் பார்த்ததில் அவர்கள் தடவிய சிவப்பழகுக் கிரீம்கள்தான் வெளிப்பட்டன. உங்கள் டப்பாவில் எது இருக்கிறது என்று பார்த்து மட்டும் என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அதனால்தான் பயப்படுகிறேன்.

முறையாகத் தயாரித்த எந்தக் கிரீமிலும், அது ஆயுர்வேதமோ சித்தாவோ, தயாரித்தவர் முகவரி, உரிமம் எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானம் எல்லாம் இருக்கும். சில மூலிகைக் கிரீம்களில் வேம்பு இத்தனை, மஞ்சள் இத்தனை என்று மில்லிகிராம் கணக்கில் எழுதிவிட்டு, கடைசியில் 'கிரீம் பேஸ், தேவையான அளவு' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். டப்பாவில் முக்கால்வாசி அந்தக் கடைசி வார்த்தைதான். எளிதில் எரியும் தோல்காரர்கள் அந்த மாதிரி லேபிள் உள்ளதையும் தவிர்ப்பது நல்லது. உங்களுக்குக் கொடுத்ததில் இது எதுவுமே இல்லை.

இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். தனியாரிடம் போக முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. இந்தக் கிரீமை எப்படி நிறுத்துவது, பொங்குவதை எப்படி அடக்குவது என்று அவர்கள் வழி சொல்வார்கள். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்றும் நீங்களே கேளுங்கள். அதுவரை முகத்துக்கு வெறும் தண்ணீர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும். ஃபேஷியல், பிளீச், நலங்கு எதுவும் இப்போது வேண்டாம். சடங்குக்கு நலங்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் கையிலும் காலிலும் வைக்கச் சொல்லுங்கள், உங்கள் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முகம் தேற நாளாகும். தைக்குள் முழுக்கச் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் இப்போது நிறுத்தினால் தேறும்.

டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். காலியாகிவிட்டது என்று கழுவிவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டியிருப்பது போதும் பரிசோதனைக்கு.